அடுப்படி வழியே நேராக

பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குள் முதல் மோட்டார் சைக்கிள் நுழைந்தபோது அவள் அடுப்படியில் மொச்சைக் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து அது வந்தது, கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு தள்ளு தள்ளியது, டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே வளைந்து அடுப்படிக்குள் வந்து அவளைப் பார்த்து ஹாரன் அடித்தது. ஓட்டியவன் தலையில் கறுப்பு ஹெல்மெட், அதன் காதோரத்தில் ஒரு பொட்டு நீல வெளிச்சம். "ஏம்மா, நடு ரோட்டுல நின்னா என்னம்மா அர்த்தம், ஓரமாப் போம்மா" என்றவன், மூச்சு விடாமல் வேறு குரலில், "உங்களைச் சொல்லல சார், ஒரு அம்மா குறுக்க வந்துருச்சு, நான் ஆஸ்பத்திரிலதான் சார் இருக்கேன், அப்பாவுக்கு ரொம்ப முடியல" என்று பேசிக்கொண்டே பின்பக்கத்துச் சுவருக்குள் புகுந்து போய்விட்டான். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. குழம்பில் மட்டும் புழுதி படிந்திருந்தது. பஞ்சவர்ணம் அதைக் கொட்டிவிட்டு வேறு குழம்பு வைத்தாள், அதிலும் பெட்ரோல் நாறியது.

அது தெருக்குத்து வீடு. மதுரையில் ஆற்றுக்கு வடக்கே, பூங்காவனம் நகர் மூன்றாம் தெரு நேராக வந்து அந்த வீட்டின் நெற்றியில் முட்டி நின்றுவிடும். வீட்டுக்குப் பின்னால் பைபாஸ் ரோடு. தெரு வந்து குத்துகிற வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கிய மனையைத்தான், பஸ் கண்டக்டராக இருந்த காலத்தில் அவள் புருஷன் சௌந்தரபாண்டி வாங்கிக் கட்டினார். இப்போது ஹெல்மெட்டுக்குள் வண்டிக்காரர்கள் காதில் வழி சொல்லுகிற மேப்பின் பெண்குரல், மூன்றாம் தெருவுக்குள் வந்ததும் 'நேராகச் செல்லவும்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. அந்தக் குரல் காதில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே வீடு இல்லை, பைபாஸ் வரைக்கும் ஒரு தெரு இருந்தது. காதில் குரல் இல்லாதவர்களுக்கு வீடு வீடாகவே இருந்தது, சைக்கிளில் வந்து பரிசோதித்துப் பார்த்த ஒரு பேப்பர்காரருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஏன் இப்படி என்று ஊர் இரண்டு நாள் பேசியது. மேலே சுற்றுகிற சாட்டிலைட்டில் கோளாறு என்றார்கள், செல்போன் டவர் என்றார்கள், பிறகு அதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போகாமல் இப்படிப் போனால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

ஊரைப் பற்றி பஞ்சவர்ணத்துக்கு ஏற்கெனவே பெரிய மதிப்பொன்றும் கிடையாது, இருந்ததும் அந்த மாதத்தில் போய்விட்டது. ஐயோ பாவம், ஒரு பொம்பளை குடித்தனம் பண்ணுகிற இடமாயிற்றே என்று ஒரு நாக்குகூடப் புரளவில்லை. எதிர்வீட்டு ராக்காயி, கருவேப்பிலை கேட்டு வந்து போகிற ராக்காயி, மறுவாரமே காதில் பேசுகிற ஹெல்மெட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் சந்தைக்குப் போனாள். கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் முழங்காலை உரசிக்கொண்டு போனவள் திரும்பியும் பார்க்கவில்லை. சாயங்காலம் குழாயடியில் வந்து, "இன்னைக்கு உங்க வீட்டு வழியாத்தான் மதினி போனேன், நீங்க வீட்டுல இருந்தீகளா?" என்று சிரித்தாள். "இருந்தேன். நீ மிதிச்சது என் அரிசிதான்" என்றாள் பஞ்சவர்ணம். ராக்காயி அதற்கும் சிரித்தாள்.

காலையில் ஆபீஸ் போகிறவர்கள் முன்சுவரில் நுழைந்து பின்சுவரில் போவார்கள், சாயங்காலம் பின்சுவரில் நுழைந்து முன்சுவரில் போவார்கள், இடைப்பட்ட நேரத்தில் சோறு கொண்டு போகிறவர்களும் மாத்திரை விற்கிறவர்களும் வட்டி வசூலிக்கிறவர்களும் காதலிக்கிறவர்களும் இரண்டு பக்கமும் வருவார்கள். ஒருவன் வாயும் சும்மா இருக்காது. பெண்டாட்டியிடம் "இந்தா வீட்டு முக்குக்கு வந்துட்டேன் தங்கம்" என்று கொஞ்சிவிட்டு, அடுப்படிக்குள் போகும் முன் இன்னொருத்தியிடம் "இன்னைக்கு ராத்திரி டூட்டின்னு சொல்லிட்டேன்டி" என்று கொஞ்சுவார்கள். செத்துப்போன பங்காளிக்கு ஒப்புக்கு ஒரு அழுகை அழுதுவிட்டு உடனே குத்துப்பாட்டுக்குத் தலையாட்டுவார்கள். பாதிப் பேச்சுதான் அவளுக்குக் கேட்கும். ஊர்ப் பொய்யெல்லாம் தன் கூடத்தில் வழிந்து உப்புப் புளி டப்பாக்களில் ஒட்டிக்கொள்வதாகவே அவளுக்குத் தோன்றியது. கழுவிக் கழுவி வைத்தாள். "சீ, கருமம்" என்பாள், கழுவுவாள், மறுபடியும் "கருமம்" என்பாள்.

ஒருநாள் ஒருவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மேனேஜரிடம் டார்கெட் பற்றிப் பணிவாகப் பேசிக்கொண்டே, அவளுடைய பீரோவைக் குட்டிச்சுவர் என்று நினைத்து அதன்மேல் மூத்திரம் பெய்தான். கல்யாணப் பட்டுச்சேலை இருந்த பீரோ. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள், அதற்குள் அவன் பேண்ட்டை இழுத்துவிட்டு, "கண்டிப்பா முடிச்சிருவோம் சார்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போய்விட்டான்.

இதையெல்லாம்கூட அவள் சகித்துக்கொண்டிருப்பாள், மகள் நாகப்பிரியா மட்டும் முழுகாமல் இல்லாதிருந்தால். ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வீடு கட்டும்போதே, மகளுக்குப் பத்து வயதுகூட ஆகாதபோதே, கூடத்துக் கூரையில் தொட்டில் கட்ட ஒரு இரும்புக் கொக்கியை மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் பதிக்க வைத்தவள் பஞ்சவர்ணம். அந்தக் கொக்கிக்கு நேர் கீழேதான் இப்போது வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா போனில் கேட்டாள்: "உங்க வீடு ரோடாப் போச்சாமே? எம் பேரன் ரோட்டுலயா பொறக்கணும்? வளைகாப்புக்கு முந்தி வீட்டை வீடாக்குங்க, இல்லன்னா பிள்ளைய அனுப்ப மாட்டேன்." பேச்சு நியாயமாக இருந்ததுதான் பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

சௌந்தரபாண்டி இருக்கிறாரே, அவரைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற நாளிலிருந்து கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த மனுஷன், வீடு ரோடான பிறகு உயிர் பெற்றுவிட்டார். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காலையில் குளித்து விபூதி பூசி, கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டியைக் கையால் நிறுத்தி, போகிற வண்டிக்கு விசில் அடித்து, "ரைட், ரைட்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர்களும் அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டார்கள், யார் ஊதுகிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

"ஏங்க, மக மாசமா இருக்கா. இந்த எழவை நிப்பாட்ட வழி பாக்காம ஊதிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றாள்.

"நிப்பாட்டலாம், நிப்பாட்டலாம். கவுன்சிலரைப் பாத்துருக்கேன்ல" என்றார் அவர், விசிலை வாயிலிருந்து எடுக்காமல்.

கவுன்சிலர் ஆள்படையோடு வந்தார், கூடத்தையும் அடுப்படியையும் நடந்து அளந்தார், மிகவும் வருத்தப்பட்டார், மறுநாள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு வேகத்தடை போட்டுக்கொடுத்தார். தாரை ஊற்றி, வெள்ளைக் கோடு இழுத்து, 'மக்கள் கோரிக்கையை ஏற்று' என்று தன் படம் போட்ட பேனரை ஃபிரிட்ஜுக்கு மேலே கட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு வீடு சந்தேகமில்லாமல் ரோடாகிவிட்டது. சாமி அலமாரிக்கு மேலே தெருவிளக்கு வந்தது. படுக்கையறைக் கதவில் யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிவிட்டுப் போனார்கள், தினமும் காலையில் கண் விழித்தால் முன்பின் தெரியாத அந்தக் கிழவர் மாலையோடு பார்த்தார். தெருநாய்கள் இரண்டு வாசல் வழியாக வந்து கட்டிலடியில் படுத்துக்கொண்டு, வண்டி வந்தால் குரைத்துக்கொண்டு அடுப்படி வரை விரட்டின. பொட்டலக் காகிதமும் வெற்றிலை எச்சிலும் முட்டைத் தோசை ஒட்டிய தட்டுகளும் அம்மிக்குப் பக்கத்தில் குவிந்தன. அவள் கூட்டினாள், கூட்டிய இடத்தில் துப்பினார்கள்.

"பிள்ளையாரை வச்சுருவோம்" என்றார் சௌந்தரபாண்டி ஒருநாள். தெருக்குத்துக்குப் பிள்ளையார்தான் தடுப்பு என்பது ஊரறிந்த விஷயம். வீடு கட்டியபோது சோம்பலில் விட்டுப்போனது அதுதான், அதனால்தான் தெரு உள்ளே வந்துவிட்டது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். பஞ்சவர்ணத்துக்கும் அது சரியென்று பட்டது. முன்சுவரில் மாடம் இடித்து, கறுப்புக் கல்லில் ஒரு பிள்ளையாரை வைத்து, ஐயரைக் கூட்டிவந்து தண்ணீர் தெளித்து, கொழுக்கட்டை அவித்து, மூன்றாம் தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தாள். சாமி, என் மக பிரசவத்துக்காவது இந்தச் சனியனை நிப்பாட்டு என்று மனமுருகக் கும்பிட்டாள்.

கொழுக்கட்டை தின்ற எவனோ ஒருவன் பிள்ளையாரைப் போட்டோ எடுத்து, மேப்பில் 'தெருக்குத்து விநாயகர் கோயில்' என்று ஏற்றிவிட்டான். அவ்வளவுதான், அதுவரை தெரியாமலிருந்தவர்களுக்கெல்லாம் வழி தெரிந்துவிட்டது. 'விநாயகர் கோயிலைக் கடந்து நேராகச் செல்லவும்' என்றது குரல். புது வண்டி வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமைகளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்து, கூடத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, சந்தனம் குங்குமம் பூசி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள். அந்தச் சாறு மொசைக் தரையை அரித்தது, மிதித்தால் காலில் பிசுபிசுத்தது. பிள்ளையாருக்கு மட்டும் நல்ல வரும்படி. பஞ்சவர்ணம் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், விளக்கு மட்டும் ஏற்றினாள்.

வளைகாப்புக்கு முந்திய வாரம் அவள் துணிந்து ஒன்று செய்தாள். வேகத்தடையில் வண்டி மெதுவாகும்போது, சோற்றுப் பை தூக்கின ஒரு பையனின் தலையிலிருந்து ஹெல்மெட்டை இரண்டு கையாலும் உருவி எடுத்துவிட்டாள். பையன் பிரேக் போட்டான். சுற்றிப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், கொதிக்கிற ரசத்தைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒருத்தன் அவள் கண்ணைப் பார்த்தான்.

"யம்மா... இது வீடாம்மா?" என்றான். குனிந்து ஷூவைக் கழற்றினான். "மன்னிச்சுக்கங்கம்மா. சத்தியமாத் தெரியாது."

"தண்ணி குடிக்கிறியாப்பா?" என்றாள் அவள். இவ்வளவுதானா விஷயம், காதிலிருப்பதை எடுத்தால் மனுஷனாகிவிடுகிறார்களே என்று செம்பை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் முன்சுவரிலிருந்து அடுத்த வண்டி வந்தது, பாட்டுக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டு ஒருவன், நின்ற வண்டியில் நேராக ஏறினான். பையனின் கால் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ரத்தம் குழம்புக்கு ஊறப்போட்டிருந்த புளிப் பாத்திரம் வரை தெறித்தது.

கூட்டம் கூடியது. ஹெல்மெட்காரர்கள் நடு ரோட்டில் விபத்து என்று வீடியோ எடுத்தார்கள். வாசல் வழியாகச் செருப்பைக் கழற்றாமல் வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள், "ஓடுற வண்டிய நிப்பாட்டுனா பின்னால வாறவன் இடிக்கத்தான செய்வான்" என்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் பண்ணினால் உள்ளே தூக்கி வைத்துவிடுவேன் என்று அவளை அவள் அடுப்படியில் வைத்தே எச்சரித்தார். "தப்பு உன் பேர்லதான் வர்ணம்" என்றார் சௌந்தரபாண்டியும். அன்று அவளுக்கு ஏற்பட்ட அருவருப்பு வண்டிக்காரர்கள் மேல் இல்லை, இருபத்தெட்டு வருஷம் அவள் சோறு போட்ட அந்த வாயின் மேல், அதில் தொங்கிய விசிலின் மேல்.

வளைகாப்பு ஒத்தக்கடையில் நடந்தது. மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டு, கூட்டிவராமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள் பஞ்சவர்ணம். சம்பந்தியம்மா சொன்ன சொல்லில் நின்றுவிட்டாள். ஆனால் நாகப்பிரியா யார் மகள்? மாமியாரோடு சண்டை பிடித்து அடுத்த வாரமே போன் பண்ணினாள்.

"யம்மா, நாளைக்கு நாங்களே வண்டியில வர்றோம்."

"வயித்துப் பிள்ளையோட வண்டியிலயாடி? ஆட்டோ பிடிச்சு வா."

"ஆட்டோக்காரன் குலுக்கி எடுத்துருவான்மா. இவரு மெதுவா ஓட்டுவாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஹெல்மெட் வாங்கியிருக்கோம்மா, இவரு கேக்குற பாட்டு எனக்கும் கேக்கும். பள்ளம் இல்லாத ரோடாப் பாத்து அதுவே கூட்டிட்டு வந்துரும்."

"நல்லாக் கேட்டுக்க. தெரு முக்குலயே ஹெல்மெட்டைக் கழட்டிரணும். கழட்டிட்டு நடந்து வாசல் வழியா வரணும். நான் வாசல்ல நிப்பேன்."

"சரிம்மா, சரிம்மா, சரிம்மா" என்றாள் மகள்.

மறுநாள் பஞ்சவர்ணம் வீட்டைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். படுக்கையறைக் கதவிலிருந்த கிழவரைச் சுரண்டி எடுத்தாள். நாய்களை அடித்து விரட்டினாள். பின்னறையில், வண்டிச் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிற மூலையில், மகளுக்குக் கட்டிலைப் போட்டுப் புது விரிப்பு விரித்தாள். வண்டிகள் ஓய்கிற அரை மணி நேரத்தில் ஏணி போட்டு ஏறி, கொக்கியில் தொட்டில் சேலையைக் கட்டிப் பார்த்து, கண் குளிரப் பார்த்து, பிறகு அவிழ்த்து மடித்து வைத்தாள். சாயங்காலம் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு, நடுவில் வெற்றிலையில் சூடம் வைத்து, வாசலில் போய்த் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஹெல்மெட்டுக்குள் வழி சொன்ன குரல் அவர்களைப் பள்ளமில்லாத பைபாஸ் வழியாகக் கூட்டிவந்துவிட்டது.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, அடுப்படிச் சுவர்ப் பக்கமிருந்து வளையல் சத்தம் கேட்டது. ஹாரன் கேட்டது. தட்டோடு திரும்பி உள்ளே ஓடினாள். சூடம் எப்படிக் கொளுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மாப்பிள்ளை அருள்செல்வனின் வண்டி வேகத்தடையில் பூப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சிவப்பு ஹெல்மெட்டுக்குள் முகம் சரியாகத் தெரியாமல் ஒருத்தி. பச்சை வளையல் முழங்கை வரைக்கும். அந்த நேரம் பார்த்து பஞ்சவர்ணத்தின் இடுப்பிலிருந்த போன் அடித்தது.

"யம்மா, வந்துட்டோம்மா" என்றது மகளின் குரல் போனுக்குள். ஹெல்மெட்டுக்குள் உதடு அசைவது கண்ணெதிரில் தெரிந்தது, சொல் ஒரு நொடி கழித்துக் காதில் விழுந்தது. "கிட்டத்துல வந்துட்டோம்னு சொல்லுதும்மா. நீ எங்க நிக்கிற? இங்க எவளோ ஒருத்தி நடு ரோட்டுல தட்டுல சூடத்தைக் கொளுத்திக்கிட்டுக் காசுக்கு நிக்கிறா. சீ, கருமம், மேலயே வந்து விழுறா."

அருள்செல்வன் சட்டைப் பையில் துழாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு காசை எடுத்துத் தட்டில் போட்டான். நல்ல பையன். ஆரத்தித் தண்ணீருக்குள் அது மெதுவாக மூழ்கியது.

"ஏங்க, இங்கதான்னு சொல்லுது. நிப்பாட்டுங்க" என்றாள் நாகப்பிரியா. வண்டி கொக்கிக்குக் கீழே வந்து தடுமாறி நிற்கப் போனது. கழட்டு என்று ஒரு சொல் போதும், காதிலேயே சொல்லிவிடலாம், கழற்றினால் மகள் தன் அம்மாவைப் பார்த்துவிடுவாள். பஞ்சவர்ணம் வாயைத் திறந்தாள். அப்போது அடுப்படிச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் விழுந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, இரண்டு பக்கமும் பால்கேன் கட்டிய வண்டியில் ஒருவன் எவனிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வேகமாக வந்தான்.

"நிக்காத" என்றாள் போனில். "நிக்காத தாயி. நேராப் போ."

"வீடு எங்கம்மா?"

"வீடு இங்க இல்ல. நேராப் போயி, அப்படியே சுத்தி ஒத்தக்கடைக்கு, உங்க அத்தை வீட்டுக்கே போயிரு. நான் அங்க வாரேன்."

மூலையிலிருந்து சௌந்தரபாண்டி தலையைத் தூக்காமல் நீளமாக விசில் அடித்தார். "ரைட், ரைட், போலாம்." மகளும் மருமகனும் அவரைக் கடந்து, முன்சுவருக்குள் புகுந்து, வெளியே போய்விட்டார்கள். பால்கேன்காரன் பஞ்சவர்ணத்தைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான்.

ஆரத்தி எடுத்த தண்ணீரைத் தெருவில்தான் கொட்ட வேண்டும். பஞ்சவர்ணம் அதற்காக வாசல் வரைக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே, தொட்டில் கொக்கிக்குக் கீழே, தட்டைக் கவிழ்த்துவிட்டு, ஒத்தக்கடைக்குப் போக மாற்றுச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தாள்.